பாதம் பார்த்த டாக்டர்

டீச்சரம்மாவின் போன் வந்தபோது நான் பெருமாள்மலையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "சரோஜா, சாருக்குக் காலையில நெஞ்சுவலி. வண்டியில ஏத்துறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. வெரசா வா" என்றார். குரலில் அழுகை இல்லை. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எதையும் நீட்டி முழக்கத் தெரியாது. நான்தான் காய்கறிப் பையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் ஷட்டரைப் பாதி இறக்கினார். அவர்கள் வீடு இருக்கும் அட்டுவம்பட்டிக்கு வண்டி பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

டாக்டர் ஞானமுத்துவை இந்த மலையில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொடைக்கானலில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு இளைஞராக வந்தவர், தலை முழுக்க நரைத்த பிறகும் அங்கேயே இருந்தார். டீச்சரம்மா அவருடைய மனைவி. நான் அவரிடம் நர்ஸாக வேலை பார்த்தவள். அவரோடு அதிகம் சண்டை போட்டவளும் நான்தான். இறந்தவர்களைப் பற்றி நல்லது மட்டும் பேச வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது. மனிதர் கோபக்காரர். நோயாளி பேசி முடிப்பதற்குள் மருந்து எழுதிவிடுவார். அவர் ஜீப் ஓட்டினால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். பெருமாள்மலை வளைவில் எதிரே லாரி வரும்போதுதான் அவருக்குப் பாட்டு வரும்.

காய்ச்சல் என்று வந்தாலும் தலைவலி என்று வந்தாலும் அவருடைய முதல் வார்த்தை, "காலைக் காட்டுங்க." நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எதிரே தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். என் அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு இங்கே வந்து குடியேறியவர். முதல் தடவை அவரிடம் கூட்டிக்கொண்டு போனபோது அம்மா நாக்கை நீட்டிக்கொண்டு தயாராக இருந்தார். டாக்டர் குனிந்து காலைப் பிடித்ததும் பதறிச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். "எங்க தோட்டத்து மருந்துக்கார ஐயா நாக்கத்தான் பார்ப்பாரு. இவரு என்னா புள்ள, அடியிலயிருந்து ஆரம்பிக்கிறாரு?" என்று என்னிடம் கேட்டார். அன்று அம்மாவின் குதிகால் வெடிப்புக்குள் இருந்து ஒரு கண்ணாடிச் சில்லு வந்தது. அது ஏறியதே அம்மாவுக்குத் தெரியாது. சர்க்கரை இருப்பதும் அன்றுதான் தெரிந்தது. "மூஞ்சி பொய் சொல்லும் சரோஜா, பாதத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார் டாக்டர். இதை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலத்தான் சொல்வார்.

எங்கள் சண்டைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். சாயங்காலம் ஐந்து மணி நெருங்கினால் எழுந்துவிடுவார். பூண்டுக் காட்டிலிருந்து வந்தவர்கள் வெளியே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். "ஒரு மணி நேரத்துல வந்துடுறேன். வீட்டுல ஒரு பேஷண்ட் இருக்கா" என்று ஜீப்பைக் கிளப்பிவிடுவார். சொன்னபடி திரும்பி வந்து எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் போவார். அதை மறுக்க முடியாது. ஆனாலும் வெளியே காத்திருப்பவர்களின் ஏச்சை வாங்கிக் கட்டிக்கொள்வது நான்தானே? டீச்சரம்மாவுக்கு அப்படி என்ன நோய் என்று கேட்டால், "நோய் வராம இருக்கத்தான் போறேன்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அதற்கு விடை வெள்ளகவிக்காரர்களால் கிடைத்தது. கொடைக்கானலுக்குக் கீழே, ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் போக வேண்டிய ஊர் அது. அங்கிருந்து வெள்ளையம்மாள் என்ற பெண் வந்தார். கூடவே கணவர் செல்லையா. காலில் முள் குத்தி, பெருவிரலுக்கு அடியில் புண். சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தது. டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டு, "இனிமே செருப்பில்லாம ஒரு அடிகூட வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும் போடணும்" என்று கறாராகச் சொன்னார். இருவரும் தலையாட்டினார்கள். அதன் பிறகு வரவேயில்லை.

சந்தைக்கு வந்த ஓர் ஊர்க்காரரை நிறுத்தி விசாரித்தோம். "எங்க ஊருக்குள்ள யாரும் செருப்புப் போடுறதில்லிங்க. ஊரே சாமி கெடக்குற எடம்" என்றார். "இதை ஏன்யா அவங்க என்கிட்ட சொல்லல?" என்று டாக்டர் கத்தினார். "டாக்டர எதுத்துப் பேசுவாங்களாங்க? இங்கிட்டு வந்தா இன்னம் செருப்புப் போடலையான்னு ஏசுவீங்க. அதான் வராம இருந்துட்டாக." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நான் கேக்காம விட்டது தப்பு சரோஜா. ஞாயித்துக்கிழமை போறோம்" என்றார்.

போனோம். ஊர் எல்லை வந்ததும் டாக்டர் ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அவருக்கும் சர்க்கரை உண்டு. "உங்க காலு இரும்பா? ஒரு துணியாவது சுத்திக்கங்க" என்று நான் கத்தினேன். "என் காலைப் பாக்க வீட்டுல ஆள் இருக்கு. நீ பேசாம வா" என்றார். அவர் சர்ச்சுக்குப் போகும் கிறிஸ்தவர். அந்த ஊரின் சாமிக்கு முன்னால் வெறுங்காலோடு, கல்லிலும் சரளையிலும் கால் மாற்றி மாற்றி வைத்து நடந்தார். அந்த நடையைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

வெள்ளையம்மாள் படுத்துக் கிடந்தார். வீட்டுக்குள் நுழையும்போதே புண்ணின் வாடை தெரிந்தது. பெருவிரல் கறுத்திருந்தது. டாக்டர் செருப்புப் பேச்சையே எடுக்கவில்லை. "விரலைக் காப்பாத்த முடியாது செல்லையா. இப்பவே கெளம்புனா காலைக் காப்பாத்தலாம்" என்றார். ஊர் ஆண்கள் டோலி கட்டித் தூக்கினார்கள். டாக்டர் பின்னாலேயே மலை ஏறினார். வழியெல்லாம் அவருக்கு மூச்சு வாங்கியது, பாட்டு வரவில்லை.

விரல் போயிற்று. கால் நின்றது. ஆனால் வெள்ளையம்மாள் ஊருக்குப் போய் மறுபடி வெறுங்காலோடுதான் நடக்கப் போகிறார். அதற்கு டாக்டர் ஒரு வழி சொன்னார். "ஊருக்கு வெளிய செருப்புப் போடட்டும். ஊருக்குள்ள வேண்டாம். ஆனா தினம் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, காலைக் கழுவித் தொடச்சு, உள்ளங்காலைப் பாக்கணும். அவங்களால தன் உள்ளங்காலைப் பாக்க முடியாது. நீங்கதான் பாக்கணும் செல்லையா."

செல்லையா கையைப் பிசைந்தார். "ஐயா, பொம்பள காலை ஆம்பள தொடுறதா? ஊரு சிரிக்குமே." கட்டிலில் இருந்த வெள்ளையம்மாள் அவரைவிடப் பதறினார். "அந்தப் பாவம் எனக்கு வேணாம்யா. முழுக் காலையும் எடுத்தாலும் சரி, அவரு தொட வேணாம்." பிள்ளைகள் மலைக்குக் கீழே சமவெளியில் வேலையில் இருந்தார்கள். வேறு ஆள் இல்லை. நான் இருவரையும் பிடித்துத் திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு டாக்டர் வழக்கம்போல வீட்டுக்குப் போனார். ஆனால் உடனே டீச்சரம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வார்டில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, தான் முக்காலியில் உட்கார்ந்தார். டீச்சரம்மாவின் காலை மடியில் எடுத்து வைத்தார். "எல்லாரும் பாக்குறாங்க, வெக்கமா இருக்கு. சட்டுனு முடிங்க" என்றார் டீச்சரம்மா. டாக்டர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு விரல் இடுக்காகப் பிரித்துப் பார்த்தார். குதிகாலை அழுத்திப் பார்த்தார். வாசலில் நின்ற செல்லையாவிடம், "இவளுக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. அவ காலை நான் பாப்பேன். என் காலை அவ பாப்பா. பல்பு வெளிச்சத்துல செவப்பும் கறுப்பும் ஒண்ணாத்தான் தெரியும். அதான் அஞ்சு மணிக்கு ஓடுறேன்" என்றார். பிறகு மனைவியின் காலை இறக்கி வைத்து, "நல்லாருக்கு. நாளைக்கும் பாக்கணும்" என்றார். அது அவர்கள் வீட்டில் தினமும் சொல்கிற வார்த்தை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

செல்லையா வாசலிலிருந்து உள்ளே வந்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். வெள்ளையம்மாள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். செல்லையா அந்தக் காலைத் தூக்கினார். "எங்கிட்டுப் பாக்கணும் ஐயா?" என்று கேட்டார். அதன் பிறகு அந்தக் காலில் புண் வந்தால் கடுகளவில் இருக்கும்போதே செல்லையா கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஊரில் யாராவது கேலி செய்தால், "டாக்டரே பொஞ்சாதி காலைப் பாக்குறாரு. நான் என்ன அவரவிடப் பெரிய ஆளா?" என்று கேட்பாராம்.

டாக்டர் இறந்த அன்று மத்தியானமே இருவரும் மேலே வந்துவிட்டார்கள். வெள்ளையம்மாள் தன் இரண்டு காலில் நடந்து வந்தார். மகன் பெங்களூரிலிருந்து வர வேண்டியிருந்ததால் அடக்கம் மறுநாள். வீடு நிறைய ஆட்கள். நாங்கள் மயங்கிச் சாய்ந்தவர்களைத் தாங்குவதும் காப்பி கொடுப்பதுமாக இருந்தோம். சாயங்காலமாகி, மூடுபனி இறங்கத் தொடங்கியது. டீச்சரம்மா ஜன்னலைப் பார்த்தார். எழுந்து வந்து, டாக்டரின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையை விலக்கினார். கணவரின் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார் என்று நினைத்து எல்லோரும் விசும்பினார்கள். அவர் கும்பிடவில்லை. விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். குதிகாலைத் தடவினார். "நல்லாருக்கு" என்றார். அதற்கு மேல் சொல்லாமல் போர்வையை மூடினார். எனக்கும் செல்லையாவுக்கும் வெள்ளையம்மாளுக்கும் மட்டும் விஷயம் தெரியும். செல்லையா துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். அவருடைய ஸ்டெதாஸ்கோப்பை மகன் எடுத்துக்கொண்டார். எடுக்க வேண்டியவர் அவர்தான். நான் எடுத்துக்கொண்டது டாக்டரின் ஐந்து மணி வேலையை. அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம் அட்டுவம்பட்டிக்குப் போனேன். டீச்சரம்மா ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தார். முக்காலியை இழுத்துப் போட்டேன்.

"காலைக் காட்டுங்க."

"உனக்கு எதுக்குச் சரோஜா இந்தச் சோலி?"

"காட்டுங்க டீச்சர். வெளிச்சம் போயிரும்."

பாதத்தை மடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. இத்தனை நாள் ஒருவர் பார்த்துப் பார்த்து வைத்திருந்த கால். "நல்லாருக்கு" என்றேன். அவர் காலை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் பாக்கணும்" என்றேன். அப்போதுதான் டீச்சரம்மா அழுதார்.