தொண்டை கட்டாத மாசி

மாசி மாதத்தில் எங்கள் ஊரில் ஒரே நாளுக்குள் இரண்டு காலம் வந்து போகும். விடியும்போது போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு கிடப்போம். அதே போர்வையைப் பதினோரு மணிக்குக் கொடியில் உலர்த்தப் போனால் உள்ளங்கால் சுடும். மருமகள் ஃபேனைப் போடுவாள், நான் நிறுத்துவேன். கொஞ்ச நேரத்தில் நானே போடுவேன், அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

பனி விலகி வெயில் ஏறுகிற அந்தப் பத்து நாளில் எனக்கு வருடம் தவறாமல் தொண்டை கட்டிவிடும். சத்தம் சுத்தமாகப் போய் வெறும் காற்று வரும். வீட்டில் எல்லோரும் பாவம் என்பார்கள். நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்: வருடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பத்து நாள் அதுதான்.

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை, வெட்கம். நாலு பேர் சேர்ந்தாற்போல என்னைப் பார்த்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் நல்லா இருக்கீங்களா என்றால் சிரிப்பேன். சாப்பிட்டீங்களா என்றாலும் சிரிப்பேன். சாப்பிடாமலே சிரித்துவிட்டுப் பசியோடு பஸ் ஏறி வந்ததும் உண்டு. தொண்டை கட்டிவிட்டால் அந்தத் தொல்லை கிடையாது. கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு விரலால் காட்டினால் போதும். ஊரே என்னை மரியாதையாக விட்டுவிடும்.

இது நடந்தது போன வருடம். எங்கள் ஊரில் மாதா கோயில் இருக்கிறது, ஊரைச் சுற்றி முந்திரிக்காடு இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலை விட்டு வெளியே வந்தேன். மாதர் சபைத் தலைவி கையில் நோட்டோடு வாசலில் நின்றார். ரிட்டையர் ஆன டீச்சர். நோட்டும் பேனாவும் இல்லாமல் அவர் கோயிலுக்கு வந்து நான் பார்த்ததில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் சிலுவைப் பாதை நடக்கும். ஆண்டவர் சிலுவை சுமந்து போன வழியை நினைத்து, நின்று நின்று ஜெபிக்கிற பதினான்கு ஸ்தலம். வாரத்துக்கு ஒரு தெரு பொறுப்பு, வீட்டுக்கு ஒருவர் ஒரு ஸ்தலம் வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் மருமகள்தான் வாசிப்பாள்.

"இந்த வருசம் பெரியவங்க படிக்கட்டுமேன்னு சபையில முடிவு பண்ணிருக்கோம். எட்டாம் ஸ்தலம் ஒங்களுக்குக்கா. அழுவுற பொம்பளைங்களுக்கு ஆண்டவர் ஆறுதல் சொல்லுவாருல்ல, அது. மைக்கு வச்சுருவோம். படிக்கிறீங்கல்ல?"

நான் சிரித்தேன்.

"சந்தோசம்" என்று எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். "நீ போயி வேண்டாம்னு சொல்லிட்டு வாடி."

"நீங்க சிரிச்சீங்களாமே அத்தை. நான் எப்புடி வேண்டாம்னு சொல்றது?"

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள், சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, உதடு அசைத்துத் தனியாகப் படிப்பேன். மைக்கில் படிப்பது வேறு. ஆனால் நான் அப்போது பயப்படவில்லை. எங்கள் தெருவின் முறை மூன்று வாரம் கழித்து. மாசிக் கடைசி. கணக்காக எனக்குத் தொண்டை கட்டுகிற வாரம். ஆண்டவரே பார்த்துத் தேதி குறித்த மாதிரி இருந்தது.

ஆனால் பனியைக் காணோம். இரண்டாவது வாரத்திலேயே வெயில் சித்திரை போல அடித்தது. விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போனால் இதமாக இருந்தது. தொண்டையைக் கனைத்துப் பார்த்தேன். கோயில் மணி மாதிரி கணீரென்று இருந்தது. வாழ்நாளில் இப்படி ஒரு தொண்டை எனக்கு வாய்த்ததே இல்லை.

சும்மா இருந்தால் ஆகாது என்று நானே இறங்கினேன். தலையில் முக்காடு போடாமல் விடிவதற்கு முன்னால் கொல்லையில் போய் நின்றேன். ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீரை அப்படியே குடித்தேன். இலந்தைப் பழம் வாங்கி ஒரு படி தின்றேன். வயிறு கட்டியது, தொண்டை கட்டவில்லை. கடைசியாக, மத்தியான வெயிலில் மணி அடித்துக்கொண்டு வருகிற ஐஸ் வண்டியை நிறுத்தி ஒரு சேமியா ஐஸ் வாங்கி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பாதி தின்றிருப்பேன், மருமகள் வைக்கோல் எடுக்க வந்துவிட்டாள்.

"என்ன அத்தை இது?"

"நாக்கு வறண்டு போச்சு."

"வெள்ளிக்கெழம ஒருசந்தின்னு காலைல கஞ்சிகூட வேணாம்னீங்க?"

"இது தண்ணிதானடி. கட்டியா இருக்கு, அவ்வளவுதான்."

அவள் வைக்கோலை மறந்துவிட்டுப் போனாள். சாயங்காலம் என் மகன் வந்ததும் இரண்டு பேரும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசினார்கள். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று பேசியிருப்பார்கள். மகன் வெளியே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். நெற்றி நன்றாகத்தான் இருந்தது. எல்லாமே நன்றாகத்தான் இருந்தது, அதுதானே எனக்கு வம்பு.

இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "மாதாவே, உன்னை எதுவும் பெருசா கேட்டதில்ல. ஒரே ஒரு வாரம் பனியைக் குடு" என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் எழுந்து கதவைத் திறந்தால் எதிர் வீட்டைக் காணோம். தெருவும் இல்லை. வாசலில் நின்ற வேப்பமரத்துக்கு அடிமரம் மட்டும் இருந்தது. ஜெயங்கொண்டம் பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டு, எருமை போல ஊர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேட்ட மறுநாளே! முக்காட்டை எடுத்துவிட்டு அந்தப் பனியில் போய் நின்றேன். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வந்து கனைத்தேன். கணீர்.

மூன்று நாள் அப்படியே பனி கொட்டியது. மூன்றாம் நாள் என் மகன் காட்டிலிருந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தான். கையில் ஒரு முந்திரிக் கொத்து. ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டிய பூ, தீயில் காட்டின மாதிரி கருகி இருந்தது.

"பாரும்மா. ஒரு முந்திரிக் கொல்லை பாக்கியில்ல. தையில வராத பனி இப்ப வந்து நிக்கிது. பூ பூக்குற நேரம் பாத்து எந்தப் பாவி வேண்டிக்கிட்டானோ தெரியல."

நான் சிரிக்கவில்லை. சிரிக்கவும் வரவில்லை.

எங்களுக்கு முந்திரிதான் சாப்பாடு. அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டுதான் தெருவில் பாதிப் பேர் வருடம் முழுக்க இருக்கிறோம். நான் ஒரு பத்தி வாசிக்கப் பயந்துகொண்டு, அத்தனை பேருடைய பூவையும் கருக்கிவிட்டேன். அன்று சாயங்காலமே மாதாவிடம் போய், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அடுத்த நாளும் பனிதான். கொடுத்த மனுவைத் திரும்ப வாங்குவது தாலுகா ஆபீசிலேயே லேசில்லை, மேலே கேட்கவா வேண்டும்.

கோயில் பூசையில் பங்குச் சாமியார், பனி விலகவும் முந்திரி பிழைக்கவும் எல்லோரும் மன்றாடுவோம் என்றார். கோயில் முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. என் பக்கத்தில் நின்ற டீச்சர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. அதற்கு மேல் தாங்க முடியவில்லை. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் போய் முழங்காலிட்டேன்.

"சாமி, பனியை நாந்தான் வரவச்சேன்."

வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சாமியார் காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"எதை வரவச்சீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். தொண்டை, எட்டாம் ஸ்தலம், ஜெபமாலை, ஒருசந்தியில் தின்ற சேமியா ஐஸ் வரைக்கும். வலைக்குப் பின்னால் இருமல் கேட்டது. எனக்கு வர வேண்டிய இருமல் அவருக்குப் போய்விட்டதே என்று நினைத்தேன். அப்புறம்தான் அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது.

"ஏம்மா, நேத்துத்தான் பெரம்பலூரு போயிட்டு வந்தேன். அங்கயும் இதே பனி. உடையார்பாளையத்துலயும் இதே பனி. ஒங்க ஒருத்தர் தொண்டைக்காக மாதா ரெண்டு ஜில்லாவுக்கும் சேத்தா அனுப்புவாங்க?"

மனசு லேசானது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, ஒளித்து வைப்பானேன்.

"ஆனா வேண்டிக்கிட்டது தப்புதான?" என்றேன்.

"தப்புதான். அதுக்கு அபராதம், எட்டாம் ஸ்தலத்தை நீங்களே படிக்கணும். தொண்டை கட்டினாலும் சரி, கட்டாட்டியும் சரி."

ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையைப் பத்துத் தடவை சொல்லச் சொல்லியிருந்தால் சந்தோசமாகச் சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை பனி விலகியது. வெள்ளிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் கோயிலைச் சுற்றி நட்டிருக்கிற சிலுவை ஒவ்வொன்றின் முன்னும் நின்று வாசித்துக்கொண்டே நகர்ந்தோம். ஐந்தாம் ஸ்தலத்தில் மேற்கிலிருந்து ஒரு காற்று கிளம்பியது. மழையும் இல்லை, வெறும் புழுதிக் காற்று. ஏழாம் ஸ்தலம் முடியும்போது கரண்ட் போய்விட்டது. மைக் செத்துவிட்டது.

டீச்சர் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "சத்தமா படிங்கக்கா. கடைசியில நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

வாசித்தேன். எனக்கே கேட்கவில்லை. கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. ஆம்பிளைகள் வழக்கம் போலக் கடைசியில் நின்றார்கள். அங்கிருந்து என் மகன் குரல் வந்தது.

"யம்மா, கேக்கல!"

எனக்கு மொத்தமே இரண்டு குரல்தான். ஒன்று யாருக்கும் கேட்காது. இன்னொன்று முந்திரிக்காட்டில் ஆடு நுழைந்தால் விரட்டுகிற குரல். அது மூன்று கொல்லை தாண்டிக் கேட்கும். வேறு வழி தெரியாமல் அதை எடுத்தேன். அழுகிற பெண்களுக்கு ஆண்டவர் சொன்ன ஆறுதலை, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும், ஆடு விரட்டுகிற குரலில் வாசித்தேன். எழுத்துக் கூட்டின இடத்தில் நிறுத்தினால் குரல் போய்விடுமோ என்று பயந்து நிறுத்தவே இல்லை. முழங்காலிட வேண்டிய இடம் வருவதற்கு முன்பே முன்வரிசைப் பெண்கள் முழங்காலிட்டுவிட்டார்கள். வேலி ஓரம் மேய்ந்துகொண்டிருந்த யாரோ வீட்டு ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வெளியே போனது.

முடிந்ததும் சாமியாருக்கு மறுபடியும் இருமல் வந்தது.

சனிக்கிழமை காலை எழுந்து மருமகளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பனியாலும் ஐஸாலும் ஆகாத காரியம் ஒரு பத்தி வாசிப்பில் ஆகியிருந்தது. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். பத்து மணிக்கு டீச்சர் நோட்டோடு வந்தார்.

"அக்கா, பெரிய வெள்ளிக்கு ஊர்வலத்துலயும் எட்டாம் ஸ்தலம் நீங்கதான். இனிமே கரண்ட் போனாலும் நமக்குக் கவலையில்ல. என்ன சொல்றீங்க?"

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. தொண்டையைக் காட்டினேன்.

"ஆமாக்கா, அந்தத் தொண்டைக்காகத்தான் கேக்குறோம்" என்றார் டீச்சர்.

"எழுதிக்குங்க டீச்சர்" என்றாள் மருமகள், "அத்தைக்குச் சந்தோசத்துல பேச்சு வரல."

எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மருமகள் மிளகுப் பால் கொண்டுவந்து வைத்தாள். கருகின கொத்துக்குப் பக்கத்தில் புதுப் பூ வெடித்திருக்கிறது, பாதியாவது தேறிவிடும் என்று மகன் போனில் சொன்னானாம். மத்தியான வெயிலில் தெருமுனையில் ஐஸ் வண்டி மணி கேட்டது. மருமகள் என் முகத்தையே பார்த்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை. பாலை எடுத்து ஊதி ஊதிக் குடித்தேன்.