தள்ளும், இழுக்காது

ஆலையில் அவருக்குப் பெயர் ‘தள்ளிநில்லு’. ஒரு நாளைக்கு நூறு முறை அதையே சொல்கிறவரை வேறு எப்படி அழைப்பது? குழாய்களை ஒட்டிய வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று கதிர்வீச்சு பாய்ச்சிப் படம் எடுப்பது அவர் தொழில். அவர் பெட்டியோடு உள்ளே வந்தால் மற்ற எல்லாரும் வெளியே போக வேண்டும். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டுவார். இருபத்தாறு வருடங்களாக, அவர் வந்தால் கூட்டம் கலையும்.

“மஞ்சக் கயிறு கட்டினா சொந்தம் சேரும்பாங்க. அண்ணன் கட்டினா ஊரே ஓடுது” என்று வெல்டர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்து வைப்பார். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்தக் கிண்டல் எங்கே போய்த் தைக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

வீடு என்பது ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு தட்டு. ஒரே மகள் தொலைவில் நர்சாக இருக்கிறாள். இப்போது வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. மூன்று வருட ஒப்பந்தம். போகிற வழியில் இந்த ஊரில் பஸ் மாறுகிறாள். பன்னிரண்டுக்கு வந்து இரண்டரைக்கு விமான நிலையப் பஸ் பிடிக்க வேண்டும். அந்த இரண்டரை மணி நேரத்துக்காக அவர் முதல் நாளே முகம் மழித்துக்கொண்டார்.

அன்று வார விடுமுறை. ஆலை காலி. ஏழு வெல்டிங்கைப் படம் எடுத்தால் போதும். காலை எட்டுக்குத் தொடங்கினால் பத்தரைக்குள் முடிந்துவிடும். மாலைக்குள் முடியாவிட்டால் மறுநாள் ஆலை ஓடாது.

அவர்கள் ‘கேமரா’ என்று சொல்வது கனமான ஓர் உலோகப் பெட்டி. உள்ளே மிளகளவு கதிர்வீச்சுத் துண்டு இருக்கிறது. அதற்குப் பெயர் சோர்ஸ். அதன் வாலில் ஒரு நீண்ட கேபிளை மாட்டி, தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் சோர்ஸ் வெளியே போய் வெல்டிங்கின் பக்கத்தில் நிற்கும். திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் வந்துவிடும். அவர்களுடைய கேபிளை முந்தின நாள் ஒரு லாரி நசுக்கிவிட்டது. அதனால் சூப்பர்வைசர் வேறொரு கம்பெனியிலிருந்து இரவல் கேபிள் கொண்டுவந்திருந்தார்.

“எல்லா கேபிளும் ஒண்ணுதான் அண்ணே. வெண்ணெய் மாதிரி நுழையும்னு அவங்க ஆளு சொன்னான்.”

“நுழையறது பெரிசில்ல தம்பி. திரும்பி வரணும்.”

அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன எஃகுத் தகடு இருக்கும். அதில் இரண்டு வெட்டுகள். கேபிளின் நுனிக் குண்டு ஒன்றில் நுழைய வேண்டும். மற்றதில் நுழையவே கூடாது; நுழைந்தால் குண்டு தேய்ந்துவிட்டது, சோர்ஸின் வாலைப் பிடிக்காது என்று பொருள். இரண்டாவதில் வைத்துப் பார்த்தார். நுழைந்தது. நுனியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நுழைந்தது. மணியைப் பார்த்துவிட்டு மூன்றாம் முறையும் வைத்தார். தகடு மனம் மாறவில்லை.

“தலைமுடி அளவுதானே?” என்றார் சூப்பர்வைசர். “உங்களுக்குத்தான் இன்னிக்கு அவசரம். பொண்ணு வருதுன்னு நாலு நாளா சொல்லிக்கிட்டிருக்கீங்க.”

“இது தள்ளும். இழுக்காது. நம்ம பாட்டுக்கு திருப்பிச் சுத்துவோம், கேபிள் மட்டும் வரும். சோர்ஸ் அங்கேயே கெடக்கும். எல்லாம் உள்ள வந்துடுச்சுன்னு எவனாவது போய் கையை வெப்பான். என்கூட இருந்தவன் வெச்சான். ரெண்டு விரல் போச்சு.”

சூப்பர்வைசர் தலைமைக் கிடங்குக்குப் போன் போட்டார். சரியான கேபிள் வர நான்கு மணி நேரம் ஆகும். கேமராவைத் தனியே விட்டு நகரக் கூடாது. அவர் அதன் பக்கத்திலேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார்.

“கேபிள் சேரல கண்ணு. இனிமே பன்னண்டுக்குத்தான் வேலையே ஆரம்பிக்கணும்.”

“சரிப்பா.”

அந்தச் ‘சரிப்பா’வை அவர் அறிவார். பள்ளி ஆண்டு விழாக்களுக்குப் போகாமல் வாங்கிய அதே சரிப்பா.

கேபிள் பன்னிரண்டுக்கு வந்தது. தகடு ஒப்புக்கொண்டது. கயிற்றுக்கு வெளியே சூப்பர்வைசர் காவல் நிற்க, தடித்த சுவருக்குப் பின்னாலிருந்து அவர் சுற்றினார். ஒவ்வொரு படத்துக்கும் ஒன்பது நிமிடம். ஐந்தாவது வெல்டிங்கில் சோர்ஸ் வெளியே இருந்தபோது போன் அடித்தது.

“அப்பா, கேட்டுப் பக்கம் பாரு.”

பார்த்தார். கயிற்றுக்கு அப்பால், அறுபது எழுபது அடி தூரத்தில், பச்சை உடுப்பில் மகள்.

“தள்ளி நில்லும்மா!”

“கயித்துக்கு வெளியதான் நிக்கிறேன், தள்ளிநில்லு சார்.”

“இப்பதான் ரெண்டு நிமிஷம் ஆச்சு. உள்ள இழுத்துட்டு வந்துடட்டா? ஒரு ஃபிலிம்தானே, போனா போகுது.”

“வேணாம்ப்பா. திரும்ப எடுக்கணும், அப்புறம் அதுக்கும் நீதான் லேட்டாவே. ஆட்டோக்காரர் அஞ்சு நிமிஷம்தான் நிப்பேன்னுட்டார். அப்படியே பேசு.”

அவர் கை கைப்பிடியிலேயே இருந்தது. சுற்றவில்லை.

“இளைச்சுட்டியா, இல்ல தூரத்துல அப்படித் தெரியுதா?”

“தூரத்துல எல்லாரும் இளைச்சுத்தான் தெரிவாங்க.”

“சாப்டியா?”

“சாப்ட்டேன்.”

“பொய்.”

“நீ?”

“நானும் அதே பொய்தான்.”

இருவரும் சிரித்தார்கள். போனில் ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்டது. ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் கயிறு கட்டிய கம்பத்தில் ஒரு பையை மாட்டிவிட்டு, கையை ஆட்டியபடியே பின்னால் நடந்து போனாள். படம் முடிய இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

நேரம் ஆனதும் திருப்பிச் சுற்றினார். கதிர்வீச்சுமானியை முன்னே நீட்டியபடி கேமரா வரை நடந்தார். முள் இறங்கிவிட்டது. சோர்ஸ் வீடு வந்து சேர்ந்துவிட்டது. பூட்டினார். ஆறாவதையும் ஏழாவதையும் முடித்த பிறகுதான் கம்பத்துக்குப் போனார்.

பையில் ஒரு ஜோடி ஷூ. கறுப்பு நிறம், தடித்த அடிப்பகுதி. எட்டாம் நம்பர். அவருக்கு ஒன்பது. அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வாளியின் மேல் உட்கார்ந்து, விரல்களை மடக்கி, குதிகாலை அழுத்தி, இரண்டையும் மாட்டிக்கொண்டார். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பிடிக்குது போலிருக்கே அண்ணே. பில்லு உள்ளதான் இருக்கும், குடுங்க, மாத்திட்டு வரேன்.”

“வேணாம். நுழையுதுல்ல” என்று சொல்லிவிட்டு, லேசாக நொண்டியபடி கயிற்றைச் சுருட்டப் போனார்.