விசில்காரர் கண்ணாடி வாங்கிய கதை

வாரத்தில் ஆறு நாள் அவர் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர். ஏழாவது நாள் கால்பந்து நடுவர். விசில்காரர் என்றால்தான் ஊரில் ஆள் தெரியும். மனுஷனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

நடுவர் வேலைக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: 'தெரியாது' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. பார்த்தாலும் ஊது, பார்க்காவிட்டாலும் ஊது, ஊதிவிட்டு மூஞ்சியைக் கடுகடுவென்று வைத்துக்கொள். வீட்டிலும் அதே சட்டம். டீயில் சர்க்கரை போதுமா என்று பெண்சாதி கேட்டால், குடிப்பதற்கு முன்பே "போதும்" என்பார்.

எதிர்ப்பக்க வேலியில் ஒரு கூட்டம் எப்போதும் நீலத் துணி ஒன்றைக் கட்டி வைக்கும். வெள்ளை எழுத்தில் என்னவோ எழுதியிருக்கும். தன்னை வாழ்த்தித்தான் என்று முடிவு கட்டி, ஆட்டத்துக்கு ஆட்டம் அதற்கு ஒரு சலாம் வைப்பார். கூட்டம் கைதட்டித் தீர்க்கும்.

போன ஞாயிறு பந்து வலையின் வெளிப்பக்கத்தில் பட்டது. வலை ஆடியது. இவர் கோல் என்று ஊதிவிட்டார். அடித்தவனே ஓடி வந்து, "அண்ணே, உள்ள போகலண்ணே" என்றான்.

"நடுவர் நீயா நானா?" என்று அவனுக்கு மஞ்சள் அட்டையைக் காட்டினார்.

சங்கச் செயலாளர் தனியாகக் கூப்பிட்டார். "வர்ற ஞாயிறு ஃபைனல். கண்ணாடி போட்டுட்டு வாங்க. இல்லன்னா விசிலைக் குடுத்துட்டுப் போயிருங்க."

விசிலைக் கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது. அது போனால் அவர் வெறும் சிலிண்டர்.

மறுநாளே யாரிடமும் சொல்லாமல் பக்கத்து மாலுக்குப் போனார். வாசலில் எந்தக் கடை எங்கே என்று பெரிய பலகை இருந்தது. அதைப் படிக்கவே கண்ணாடி வேண்டும். யாரையாவது கேட்கலாம், கேட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! மாடி மாடியாகச் சுற்றி, இரண்டு பெரிய கண்களை வரைந்திருந்த கடையைப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார்.

"கண்ணுக்குத்தானே சார்?" என்றாள் கடைக்காரப் பெண்.

"ஆமா."

"சாஞ்சுக்குங்க."

அவள் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு முகத்தருகே குனிந்தபோதே இது வேறு சோதனை என்று புரிந்துவிட்டது. எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் ஊதின விசில் ஊதினதுதான். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டப் படுத்திருந்தார்.

கதவைத் திறந்த பெண்சாதி மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, புருவம் எங்க?"

"வெயில்ல அலைஞ்சேன்ல..."

"வெயில்ல அலைஞ்சா புருவம் வில்லு மாதிரி வளையுமா? நம்ம கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு அழகா எடுத்து விடலயே!"

கண்ணாடிக் கடை என்று பியூட்டி பார்லரில் போய்ப் படுத்த விஷயத்தைக் கறந்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த நாள் அவளே இன்னொரு மாலுக்கு இழுத்துப் போனாள். காவலாளியிடம், "தம்பி, கண்ணாடிக் கடை எங்கப்பா?" என்றாள். அவன் கையைக் காட்டினான். வேலை முடிந்தது. இவருக்கு எரிச்சலாக வந்தது.

கண் பார்க்கும் பெண் அவரை இருட்டறையில் உட்கார வைத்து, மூக்கின்மேல் கனத்த சட்டம் ஒன்றை மாட்டினாள். அதில் கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டாள்.

"எது தெளிவு சார்? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு!"

"இப்போ?"

"ஒண்ணு!" கை தானாக விசிலைத் தேடிச் சட்டைப் பைக்குப் போனது.

"இப்போ?"

"ரெண்டு!"

"சார், நான் சில்லை மாத்தவே இல்ல."

"அவரு அப்படித்தாம்மா," என்றாள் மூலையிலிருந்து பெண்சாதி. "ரெண்டு பக்கத்துக்கும் சண்டை வராம ஆளுக்கொண்ணு குடுப்பாரு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நீங்க அடிச்சு விட்டா நானும் அடிச்சு விட்டுத்தான் கண்ணாடி குடுக்கணும். அதைப் போட்டா பந்து ரெண்டாத் தெரியும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க சார்."

ஃபைனல் கண்முன் வந்து நின்றது. தொண்டையைச் செருமினார்.

"தெரியல."

"எனக்குக் கேக்கல," என்றாள் பெண்சாதி. "சத்தமா!"

"தெரியலடி, தெரியல!"

அதற்கப்புறம் மடை திறந்துகொண்டது. இது தெரியல, அதுவும் தெரியல என்று சொல்லிக்கொண்டே போக, மங்கலாகக் கிடந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் துலங்கி வந்தன.

ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியை எலாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். நீலத் துணிக்குச் சலாம் வைக்கத் தூக்கிய கை பாதியில் நின்றது. 'விசிலு, கண்ணைக் கழுவிட்டு வாய்யா' என்று எழுதியிருந்தது. துணியின் ஒரு முனையைப் பிடித்து நின்றவன், பெண்சாதியின் சொந்தத் தம்பி.

நேரே நடந்துபோய் துணிக்கும் மைத்துனனுக்கும் சேர்த்து மஞ்சள் அட்டை காட்டினார். மைதானமே அதிர்ந்தது.

ஆட்டம் முடியப் போகிற நேரம். கோல் கோட்டில் விழுந்த பந்தின்மேல் நாலு பேர் உருண்டார்கள். கோலா, இல்லையா? நாலு முதுகுக்கு அப்பால் பார்க்கிற கண்ணாடியை எந்தக் கடையிலும் விற்பதில்லை. செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உதட்டுக்குப் போன விசிலை இறக்கிவிட்டு, விசில்காரர் கோட்டோரம் நின்ற கொடிக்காரரிடம் ஓடினார்.

"எனக்குத் தெரியல. நீ பாத்தியா?"

கொடிக்காரர் கையிலிருந்து கொடி நழுவியது. "என்னையா கேக்குறீங்க? ...உள்ள போகலண்ணே."

கோல் இல்லை என்று கையசைத்தார். எந்தப் பக்கத்தானும் சட்டையைப் பிடிக்க வரவில்லை. செயலாளர் மெதுவாக உட்கார்ந்தார்.

வேலிப் பக்கமிருந்து மைத்துனன் கத்தினான்: "கண்ணாடி போட்டும் தெரியலையா மாமா?"

"தெரியலடா!" என்று இவரும் கத்தினார். "போய் உங்கக்காகிட்டச் சொல்லு, சத்தமாவே சொன்னேன்னு!"