முன்னால் போன மஞ்சள் பை

வானவடியில் குடியிருக்கும் லக்ஷ்மிநாராயணனிடம் எந்த இரண்டு ஊர்ப் பெயரைச் சொன்னாலும், விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று உடனே சொல்லிவிடுவார். அவர் தூங்கும்போது தலைக்குள் பூகோள உருண்டை சுற்றும் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு நாய் குரைத்ததுண்டு. ஆனால் ஓய்வுபெற்ற பிறகும் அவர் விமானம் ஏறியதில்லை.

இப்போது ஏற வேண்டும். மெல்போர்னில் மகள் ஸ்ரீலக்ஷ்மிக்கு நாளை சாயங்காலம் பிரசவ ஆபரேஷன். இந்த விமானத்தை விட்டால் அடுத்த வாரம்தான் இடம்.

விமானம் பிடிக்க மும்பைக்கு டாக்சியில் கிளம்பும் வேளை ராகுகாலம். அதனால் முதல் நாளே நல்ல வேளையில் பரஸ்தானம் வைத்தார்: கொண்டுபோகும் சாமான் ஒன்றை வேறொரு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. மனிதர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். இரண்டு பாஸ்போர்ட்டையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனார். எதிர் ஃபிளாட் பூட்டியிருந்தது. அந்த வீட்டு சேவியர் கீழே கார் துடைத்துக்கொண்டிருந்தார். பை காரின் பின்சீட்டில் ஏறியது.

மறுநாள் டாக்சியில் பெட்டிகளை ஏற்றும்போது மனைவி சரசா கேட்டாள்: "பையை வாங்கிண்டேளா?"

வாங்கவில்லை. சேவியர் காரோடு தளேகாவ் தொழிற்சாலைக்குப் போயிருந்தார். அவர் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. ஹடப்சர் அலுவலகத்தில் இருந்த அவர் மனைவி ரீனாதான் கிடைத்தாள்.

"கேட்லயே ஃபோனை வாங்கி வெச்சிருவாங்க அங்கிள். நான் ஆபீஸ் நம்பர்ல சொல்லிப் பாக்குறேன். மும்பைக்கு அந்த வழிதானே, நீங்க கிளம்புங்க."

கிளம்பினார்கள். சிவாஜிநகர் நெரிசலில் பக்கத்து ஆட்டோக்காரர் முகச்சவரத்தை முடித்து மீசையையும் கத்தரித்துக்கொண்டார். டாக்சி ஒரு முழம் நகர்ந்தது.

"மும்பையிலேர்ந்து மெல்போர்ன் எவ்வளவு?" என்றாள் சரசா.

"பத்தாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல். பன்னண்டு மணி நேரம்."

"இங்கேர்ந்து தளேகாவ்?"

அவர் டிரைவரின் பிடரியைப் பார்த்தார்.

"டென்ஷன் நகோ, காகா," என்று மராத்தியில் கவலை வேண்டாமென்றார் டிரைவர் இஸ்மாயில்.

ரீனாவிடமிருந்து பதில் இல்லை. "கண்ணைத் திறக்கறச்சே நீ எதிர்ல நிக்கணும்மான்னு ஸ்ரீலக்ஷ்மி கேட்டா," என்று சரசா ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

தளேகாவ் தாண்டி சுங்கம் வாங்கும் டோல் நாக்கா. வண்டி வரிசைக்கு முன்னால், தலையில் தொழிற்சாலை ஹெல்மெட்டோடு ஒருவர் ஒவ்வொரு டாக்சிக்குள்ளும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை.

"சூப்பர்வைசர் திட்டினதுல பாதி உங்களுக்கு, சார். திரும்பி வந்ததும் வாங்கிக்குங்க," என்றார் சேவியர்.

லக்ஷ்மிநாராயணன் பாஸ்போர்ட்டுகளைத் தடவிப் பார்த்தார். "பாத்தியா சரசா, பை நமக்கு முன்னாடியே கிளம்பிடுத்து. பரஸ்தானம்னா இதான்."

"போறும். ஏர்போர்ட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம், அதைச் சொல்லுங்கோ."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இஸ்மாயில் பாய், கித்னா டைம்?"

மறுநாள் ஸ்ரீலக்ஷ்மி கண் திறந்தபோது எதிரில் சரசா நின்றாள். பக்கத்தில், நர்ஸ் எவ்வளவு சொல்லியும் மஞ்சள் பையைக் கழுத்திலிருந்து கழற்றாமல், அப்பா.