மிளகாய்ப் பூவுக்குக் குறைந்த மார்க்

என் மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது, அரையாண்டுத் தேர்வின் அறிவியல் தாளில் ஒரு பூவைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். ஐந்து மார்க். அவளுக்கு இரண்டுதான் கிடைத்தது. கையெழுத்துக்காகத் தாளை நீட்டியவள் அந்தப் படத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தாள். விலக்கிப் பார்த்தேன். 'மகரந்தத்தாள் தவறு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"புஸ்தகத்துல செம்பருத்தி இருக்கும்மா. நான் நம்ம கொல்லையில இருக்க மிளகாப் பூவைப் பாத்து வரைஞ்சேன்."

கேள்வியை இரண்டு முறை படித்தேன். 'ஏதேனும் ஒரு பூ' என்றுதான் இருந்தது. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். கேள்வி புரியாமல் இல்லை.

"நாளைக்கு ஒங்க சாரைப் பாக்க வாரேன்."

"வேணாம்மா. அப்புறம் என்னையத்தான் மொறைப்பாரு."

"மொறைக்கட்டும். நீ வரைஞ்சது சரின்னா சரிதான்."

மறுநாள் காலையில் கொல்லையில் நான்கு பூக்களைப் பறித்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு முதுகுளத்தூர் பஸ் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் இடைவேளை. சார் ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். தாளைக் காட்டினேன். அவர் முகம் இறுகிவிட்டது.

"நாப்பது தாளையும் புத்தகத்தை வச்சுத்தாம்மா திருத்த முடியும். ஆளுக்கொரு பூ வரைஞ்சா நான் என்ன செய்யிறது?"

"கேள்வியில செம்பருத்தின்னு போடலையே சார். செம்பருத்தியில மகரந்தத்தாள் ஒரு குழாய் மாதிரி சேந்திருக்கும். இதுல தனித்தனியா நிக்கும். நீங்களே பாருங்க."

டிபன் பாக்ஸைத் திறந்து மேசையில் வைத்தேன். குரலை உயர்த்தவில்லை, நகரவும் இல்லை. அவர் ஒரு பூவைக் கையில் எடுத்தார். பிறகு மேசை டிராயரிலிருந்து பிளேடும் லென்சும் எடுத்தார். மகளையும் கூப்பிட்டு அனுப்பினார். அவள் பயந்துபோய் வாசலில் நின்றாள்.

"இங்கன வா. மகரந்தத்தாளை எண்ணு."

"அஞ்சு சார்."

"சேந்திருக்கா?"

"இல்ல சார். தனித்தனியா இருக்கு."

"அப்ப நான் போட்டதுதான் தப்பு," என்றார். பிறகு பூவை நீளவாக்கில் பிளந்தார். "ஆனா சூற்பை எங்க இருக்கு? நீ கோட்டைக் காம்புக்கு இழுத்திருக்க."

லென்சை என்னிடமும் தந்தார். அடியில் பச்சையாக, கடுகு அளவுக்கு ஒரு மிளகாய். வருடா வருடம் பூ உதிராமல் இருக்க மருந்தடித்த நான், ஒரு பூவைக்கூடப் பிளந்து பார்த்ததில்லை. வியப்பில் ஒரு நிமிடம் வந்த வேலையே மறந்துபோனது.

"அதுக்கு ஒரு மார்க் கொறைச்சுக்கங்க சார். அது ஞாயம்தான்," என்றேன்.

இரண்டை அடித்து நான்கு என்று போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் இட்டார். "வேற யாரும் வேற பூ வரைஞ்சிருக்காங்களான்னு பாக்கணும்," என்று, காலையில் கையெழுத்தாகித் திரும்பி வந்திருந்த தாள்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சண்டை போடுவேன்னு நெனச்சேன்."

"எதுக்குடி சண்டை? போ, மணி அடிச்சிருச்சு."

அவள் வகுப்புக்கு ஓடினாள். நான் பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பினேன்.