கடிக்காத பட்டை

என் வீட்டுக்காரர் பம்பு மெக்கானிக். ரிப்பேரான மோட்டாரைக் கிணற்றிலிருந்து மேலே எடுப்பது அவருக்குச் சோறு போடுகிற வேலை. குட்டையிலும் கிணற்றிலும் விழுந்து செத்தவர்களை மேலே எடுப்பது, யாரும் சொல்லாமல் அவரே தலையில் போட்டுக்கொண்ட வேலை. தடா ஊரைத் தாண்டிக் கடலுக்குள் குழாய் போடுகிற ஒரு கான்ட்ராக்டரிடம் சின்ன வயதில் இருந்தபோது, முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்கக் கற்றுக்கொண்டார். அந்த ஆள் கடையைக் கட்டியபோது ஒரு பழைய சிலிண்டரும், காலில் மாட்டுகிற ரப்பர் துடுப்பு ஒரு ஜோடியும் இவர் பங்குக்கு வந்தன. நாங்கள் இருக்கிற திருப்பதியிலிருந்து சித்தூர் வரை எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்தும் போன் வரும். தெலுங்குப் பேப்பரில் இவரைப் போன்றவர்களை ‘கஜ ஈதகாடு’ என்று எழுதுவார்கள், பெரிய நீச்சல்காரன் என்று. எனக்கு அதைப் படித்தாலே பற்றிக்கொண்டு வரும். பிணம் எடுக்கிறவனுக்குப் பட்டம் ஒரு கேடு!

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தண்ணீரில் இறங்கும்போது இடுப்பில் ஒரு பழைய வேட்டியைச் சுற்றிக்கொள்வார். அடியிலேயே அந்த உடம்பை வேட்டியால் சுற்றிக் கட்டித்தான் மேலே கொண்டுவருவார். கரையில் பெற்றவள் நிற்பாள், மீன் கடித்த முகத்தை அவள் பார்க்கக் கூடாது என்பார். அதனால்தான் இத்தனை வருஷமாக நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அந்தத் துடுப்பின் குதிகால் பட்டைகள் வெடித்து அறுந்துபோயின. சென்னைக் கடை ஒன்றிலிருந்து இரண்டு விதமாக வரவழைத்தார். ஒன்று ரப்பர் பட்டை, கொக்கியில் இழுத்து இறுக்கிக்கொள்வது. இன்னொன்று ஸ்பிரிங் பட்டை. துருப்பிடிக்காத கம்பிச் சுருள், அதற்கு ரப்பர் உறை, குதிகால் படுகிற இடத்தில் ஒரு பட்டையான ரப்பர். அதில் இறுக்கவும் முடியாது, தளர்த்தவும் முடியாது. அளவு சரியாக வந்தால் உண்டு. நான் ஜாக்கெட் தைக்கிறவள். கையில் எடுத்து இழுத்துப் பார்த்ததுமே, “இது உனக்குச் சின்னதுய்யா” என்றேன். கேட்டால்தானே!

சித்தூரில் ஒரு கல்யாணம். போகிற வழியில் கங்காதர நெல்லூரில் தெரிந்த ரெட்டியார் ஒருவரின் கிணற்றில் பட்டையைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று வண்டியை நிறுத்தினார். நான் பட்டுப்புடவையோடு வேப்பமரத்தடியில் நின்று திட்டிக்கொண்டிருந்தேன். வலது காலில் ரப்பர், இடது காலில் ஸ்பிரிங். எது சௌகரியம் என்று ஒரே முங்கில் தெரிந்துவிடுமாம். பெரிய விஞ்ஞானி.

ரொம்ப நேரம் கழித்து மேலே வந்தார். துடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு பம்புசெட்டுச் சிமெண்டுத் தரையில் நடந்து வந்தார்.

“ரெண்டுமே சூப்பர்மே! கால்ல மாட்டிக்கினு கீறதே தெரியல.”

நான் தரையைப் பார்த்தேன். வலது கால் தடம் வெறும் ஈரம். இடது கால் தடம் சிவப்பு.

“யோவ், காலப் பாருய்யா!”

யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். குதிகாலில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் உரிந்து தொங்கியது.

“வலிக்கலியா?”

“இல்லியே” என்று சிரித்தார்.

கல்யாணத்துக்குப் போகவில்லை. நேராகத் திருப்பதிக்கு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் நரம்பு ஒன்றால் பாதம் முழுக்க ஒவ்வொரு இடமாகத் தொட்டார். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். இவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, “எப்புடு மொதலு பெடதாரு சார்?” என்றார், எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று. டாக்டர் இரண்டு காலையும் முடித்துவிட்டு நரம்பை டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார்.

சர்க்கரை. எத்தனை வருஷமாக இருக்கிறதோ, உடம்பு காட்டிக்கொடுக்கவே இல்லை. “நொப்பி லேதண்ட்டே பாகுந்தனி காது” என்றார் டாக்டர். வலி இல்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. குட்டைத் தண்ணீரில் இந்தக் காலோடு இறங்கக் கூடாது, இன்னொரு புண் வந்து அழுகினால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் முன்பு ஒரு கோடைக்காலம் ஞாபகம் வந்தது. அலிபிரியிலிருந்து படியேறி மலைக்குப் போயிருந்தோம். மேலே மாட வீதியில் மத்தியானக் கல் தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் குதித்துக் குதித்து ஓடினோம். இவர் மட்டும் கைகூப்பிக்கொண்டு நிதானமாக நடந்தார். பக்தி என்று நினைத்தேன். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன், பாவி.

புண் ஆற மாசக்கணக்கானது. அதுவரை வந்த போனையெல்லாம் நானே எடுத்து, ஆள் ஊரில் இல்லை என்றேன். ஆறியதும் மறுபடி பட்டைப் பேச்சை ஆரம்பித்தார். டாக்டர் சொன்னதில் இவர் காதில் விழுந்தது, பட்டை கடித்ததால் புண் வந்தது என்பது மட்டும்தான்.

“கடிக்காத பட்டையா பாத்து வாங்கிட்டா முடிஞ்சுதுமே. நீ போட்டுப் பாரு. உனக்கு வலிச்சா எனக்கு வலிச்ச மாதிரி.”

துடுப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

என் கால் சின்னது. துடுப்பின் முன்பக்கத்தில் ஜாக்கெட் வெட்டுத்துணியை அடைத்துக்கொண்டு, மாடியில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, தண்ணீர் டப்புக்குள் காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்து மாடிக்காரி, “இன்னாக்கா, மலையச் சுத்திக்கினு நீந்தப் போறியா?” என்று கேட்டுச் சிரிப்பாள். சிரிக்கட்டும். ரப்பர் பட்டை ஓரம் நரம்பில் அறுத்தது. சின்ன ஸ்பிரிங் எலும்பையே பிடித்தது. நடுவில் ஒன்று கயிறு மாதிரி வந்தது, அது சுருண்டு தோலைக் கிள்ளியது. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, “கடிக்குதுய்யா” என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினார்.

கடைசியாகப் பெரிய அளவில் ஒரு ஸ்பிரிங் வந்தது. ஆள்காட்டி விரலை வளையத்தில் விட்டு இழுத்தால் சட்டென்று ஏறியது. காலை நீட்டினால் கூடவே நீண்டது, மடக்கினால் கூடவே வந்தது. நல்ல தையல்காரி வைத்த ஜாக்கெட் கை மாதிரி இருந்தது. வெகு நேரம் டப்பில் காலை ஆட்டியும் குதிகாலில் ஒரு கோடு விழவில்லை.

அப்போதுதான் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். சித்தூர்ப் பக்கம் ஒரு கல் குவாரி. காலேஜ் படிக்கிற பையன் குளிக்கப் போய் முங்கிவிட்டான். ஊர்க்காரர்கள் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவிவிட்டார்கள், கிடைக்கவில்லை. ஆழம். பெற்றவள் கரையில் கிடக்கிறாளாம்.

போனைக் கையால் மூடிக்கொண்டு என் காலைப் பார்த்தார்.

“இது எப்டிமே கீது?”

அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசை. நான் குதிகாலைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

“கடிக்குதுய்யா.”

“கொஞ்சமாவா?”

“ரொம்ப.”

மூடிய கையை எடுத்துவிட்டுப் போனில், “ராலேனு சார், காலு பாகலேது” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். வர முடியாது, கால் சரியில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பையன் ரெண்டு நாள் கழித்துத் தானாக மிதந்தான். எவனோ வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். ஊதிப்போன அந்த உடம்பு வெட்டவெளியில் மல்லாந்து கிடக்க, அந்த அம்மா கையை உதறிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுகிறாள். எல்லாவற்றையும் பார்த்தாள். முகத்தையும் பார்த்தாள். இவர் போனை அணைத்துவிட்டு, “ஒரு வேட்டி சுத்தலியே மே” என்றார். போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது. அந்தப் பொம்பளை நேரில் வந்து என் முகத்தில் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்வேன். ஆனால் அன்று ராத்திரியும் அவர் பாதத்தை மடியில் வைத்து, விரல் விரலாகப் பிரித்து, புண் ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

அந்த ஸ்பிரிங்கையும் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது வேறு கம்பெனிப் பட்டை ஒன்றுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார், குதிகாலுக்கு மெத்தை வைத்தது. “இது கண்டிப்பா செட் ஆவும் பாரு” என்று காலையில் நாலு தடவை சொல்லிவிட்டார். சனிக்கிழமை வருமாம்.

அதுவும் கடிக்கும்.