குணாளன் விற்கவிடாத மெமரி

போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது கிள்ளானிலிருந்து போன். "அண்ணே, புரோகிராமர் குணாளன் போயிட்டாரு. நெஞ்சு வலி. ஜெஞ்சாரோம் வீட்டுலதான் வச்சிருக்காங்க." எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எங்கள் சண்டை பாதியில் நிற்கிறது. அவர் பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அவரோடு பழகிய உங்களுக்கு அவர் வாய் எப்படி என்று தெரியும். இறந்துவிட்டார் என்பதற்காக நான் அதற்குச் சர்க்கரை தடவப் போவதில்லை.

பல வருஷத்துக்கு முன்பு நான் கம்ப்யூட்டர் சாமான் விற்றுக்கொண்டிருந்தேன். அவர் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்குக் கம்பெனியில் கண்டெய்னர் கணக்குக்கான பெரிய புரோகிராமைக் கவனித்தார். அதைக் கம்பைல் செய்ய, அதாவது எழுதியதை மெஷின் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்ற, அரை நாள் ஆகும். பாதியில் மெமரி போதவில்லை என்று நின்றுவிடும். எல்லா மெஷினுக்கும் கூடுதல் மெமரி சிப் வாங்குவதாக அவருடைய மேனேஜர் எனக்கு வாய்வார்த்தை கொடுத்தார். அதை நம்பிச் சரக்கு இறக்கினேன். கையிலிருந்த முதல் முழுவதும் அதில்தான்.

மீட்டிங்கில் குணாளன் குறுக்கே வந்து மேனேஜரிடம் சொன்னார்: "மெஷினுக்குப் பசியே இல்ல அண்ணே. நாமதான் வாயில திணிக்கிறோம். ரெண்டு வாரம் குடுங்க."

புரோகிராமின் ஒவ்வொரு துண்டும் ஒரே பெரிய பொது ஃபைலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்ததாம். அதில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அத்தனை துண்டையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அவர் அதைச் சின்னச் சின்னதாக வெட்டி, எதற்கு எது தேவையோ அதை மட்டும் சேர்த்தார். பிறகு ஒரு திருத்தம் செய்தால், மேசையிலிருக்கும் தே தாரிக் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மெமரியும் மிச்சம். என் ஆர்டர் ரத்து.

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே தம்பி!"

"சரக்கை முன்னாடியே இறக்கச் சொன்னது நானா லா?"

நானும் விடவில்லை. "வாங்க, சேர்ந்து செய்வோம். நீங்க வெட்டுங்க, நான் பில் போடுறேன்."

"தூக்கிப்போட்ட குப்பைக்கும் பில்லா?"

"ஏன், குப்பை லோரிக்காரன் சும்மாவா வர்றான்?"

அவர் வரவில்லை. நான் இரண்டு புரோகிராமர்களை வைத்து, அதே வேலையைக் கம்பெனி கம்பெனியாக விற்றேன். கடை பிழைத்தது. ஒருநாள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் என் வாடிக்கையாளர் முன்னாலேயே குணாளன் சொன்னார்: "இவரு விக்கிறது என் மூளை. ரசீதுல மட்டும் இவர் பேரு."

"சும்மா கெடந்த மூளைதானே. வாடகைக்கு விட்டேன்" என்றேன்.

பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

போன வாரம் ஜெஞ்சாரோம் துக்க வீட்டில் அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த மெமரிக்காரன், மெமரிக்காரன்னு திட்டுவாரே... நீங்கதானா?"

"நான்தாம்மா."

விலை போகாத அந்த மெமரி ஒரு பெட்டி நிறைய இன்னும் கடையில் இருக்கிறது. இன்றைய மெஷின் எதற்கும் பொருந்தாது. என் ஆட்கள் யாராவது "மெமரி பத்தல பாஸ்" என்று வந்தால், அந்தப் பெட்டியைத் தூக்கி அவர்கள் மேசையில் வைப்பேன். முனகிக்கொண்டே திரும்பிப் போய், எது எதை இழுக்கிறது என்று தேடுவார்கள். கடையில் அந்தப் பெட்டிக்குப் பெயர் குணாளன். திட்டுவதற்காக நான் வைத்த பெயர்தான். மாற்றப் போவதில்லை.